காந்தப் புலத்தில் கட்டுண்ட பிளாஸ்மாவின் ஸ்திரநிலை

ஹைட்ரஜனின் கன ஐசோடோப்புகளான டியூடீரியமும் டிரிட்டியமும் இணைந்து ஹீலியமாகும்போது வெளிப்படும் சக்தியைப் பூமியின்மேல் அடக்கியாள வேண்டுமானால், அவற்றின் கலவையைப் பத்துக் கோடி டிகிரிக்கும் மேற்பட்ட உஷ்ணத்துக்கு ஏற்றி, அவ்வுஷ்ணம் சிதறிப்போகாதபடி காத்து வைத்தல் வேண்டும். அந்நிலையில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் திரளாகிய பிளாஸ்மாவாக மாறிவிடுகின்றன. எந்தப் பாத்திரமும் அதனைத் தாங்காது என்று சொல்வதைக் காட்டிலும், பாத்திரத்தின் சுவரைத் தொட்ட மாத்திரத்தில் பிளாஸ்மாவே குளிர்ந்து அணைந்துவிடும் என்று சொல்வதே பொருத்தமாகும். மின்னூட்டமுள்ள துகள் காந்த விசைக்கோட்டைச் சுற்றிச் சுழன்று அதன் வழியே ஓடுமேயன்றி எளிதில் அதனைக் குறுக்கே கடக்காது. ஆதலின் காந்தப் புலத்தையே பாத்திரமாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம், 1950-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ருஷ்யாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரகசியமாக வேரூன்றிற்று.

காந்தப் புலத்தின் அழுத்தம் உள்நோக்கியும் பிளாஸ்மாவின் அழுத்தம் வெளிநோக்கியும் செயற்பட்டு, இரண்டும் சரிக்குச் சரியாய் நிற்குமாறு ஓர் அமைப்பைக் கணக்கிட்டு வகுத்தல் அப்படியொன்றும் அரிய காரியமன்று. 5 டெஸ்லா வலிமையுள்ள புலம் சுமார் 100 வாயுமண்டலங்களின் அழுத்தத்தைத் தரவல்லது. இணைவு உலைக்கு வேண்டிய பிளாஸ்மாவோ, நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அடர்த்தியே உடையதாகையால், அத்துணை உஷ்ணத்திலும் அதன் அழுத்தம் சில வாயுமண்டலங்களுக்கு மேற்போவதில்லை. வலிமையில் குறையொன்றுமில்லை. ஆயினும் சமநிலை வேறு, ஸ்திரநிலை வேறு. உலக்கையை நட்டுக்குத்தாக நிறுத்தினால் அதுவும் சமநிலையில்தான் நிற்கிறது; ஒரு விரல் பட்டால் விழுந்துவிடுகிறது. பிளாஸ்மாவுக்குள் இடையறாது தோன்றிக்கொண்டிருக்கும் சிறு சலனங்கள் தாமாகவே அடங்குமா, அல்லது பெருகிப் பெருகிச் சமநிலையையே குலைத்துவிடுமா என்பதுதான் எழுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகளை வாட்டிவரும் வினா.

அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்க்குமிடத்து, வினாவே காலப்போக்கில் உருமாறியிருப்பது புலனாகும். தொடக்கத்தில் ‘இது ஸ்திரமானதா?’ என்று ஒரே சொல்லில் விடை கேட்டவர்கள், பின்னர், ‘எந்தச் சலனத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு சேதத்தோடு?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். இத்துறையின் முன்னேற்றம் யாவும் இம்மாற்றத்துக்குள் அடங்கும் என்பது என் துணிபு.

பிஞ்ச் குழாய்கள் கற்பித்த பாடம்

ஒரு வாயுக் குழாயில் மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால், அவ்வோட்டம் தன்னைச் சுற்றித் தானே எழுப்பும் காந்தப் புலம் வாயுவைக் குழாயின் நடுவே ஒரு தண்டாக இறுக்குகிறது. பிஞ்ச் எனப்படும் இவ்வமைப்பே முதன்முதலில் பலரையும் கவர்ந்தது. தனியே காந்தங்கள் வேண்டா, மின்னோட்டமே சூடேற்றும், மின்னோட்டமே அடக்கும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதன் குற்றமும் அவ்வெளிமையிலேயே இருந்தது. தண்டின் ஓரிடம் தற்செயலாகச் சற்றே மெலிந்துவிட்டதென்று கொள்வோம். எல்லாக் குறுக்கு வெட்டுகளிலும் ஒரே மின்னோட்டமே செல்வதால், மெலிந்த இடத்தின் மேற்பரப்பில் காந்தப் புலம் மிகும். விட்டம் பாதியானால் புலம் இரட்டிப்பாகும். புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகிய அழுத்தம் நான்கு மடங்காகும். மெலிந்த இடம் மேலும் நெரிக்கப்பட்டு அறுபடுகிறது. தண்டு சற்றே வளைந்தாலும் இதே கதைதான்: வளைவின் உட்புறத்தில் விசைக்கோடுகள் நெருங்கி அழுத்தம் மிகுகிறது, வெளிப்புறத்தில் அவை விலகி அழுத்தம் குறைகிறது, ஆகவே வளைவு மேலும் வளைகிறது. ஒவ்வொரு மைக்ரோவினாடியிலும் இரட்டிப்பாகும் சலனம் இருபது மைக்ரோவினாடிகளில் பத்து லட்சம் மடங்காகும் என்பதை எண்ணினால், கண்ணுக்குத் தெரியாத கோணல் ஒன்று இமைப்பொழுதுக்குள் குழாயின் சுவரை எட்டிவிடுவது வியப்பன்று. பிரின்ஸ்டனைச் சேர்ந்த மார்ட்டின் குருஸ்கலும் மார்ட்டின் சுவார்ஸ்சைல்டும் 1954-இல் இதனைக் கணித முறையில் நிறுவிக் காட்டினர். பரிசோதனைக் குழாய்களில் எடுத்த விரைவுப் புகைப்படங்களிலும் பாம்புபோல் நெளியும் தண்டு பதிவாயிற்று.

1955-இல் ஜெனீவாவில் நடந்த சமாதான அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு சக்தியைக் கட்டுப்படுத்தும் வழி கண்டறியப்படும் என்று முன்னுரைத்தார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போனதற்கு முதற் காரணம் இந்த ஸ்திரமின்மையே. பிரிட்டனில் ஹார்வெல் நிலையத்தில் அமைக்கப்பட்ட ஸீட்டா என்னும் பெரும் வளையக் கருவி 1957 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கி, டியூடீரியம் பிளாஸ்மாவிலிருந்து நியூட்ரான்களை உமிழ்ந்தது. 1958 ஜனவரியில் இச்செய்தி உலகறிய வெளியிடப்பட்டபோது, அந்த நியூட்ரான்கள் உஷ்ணத்தால் நேர்ந்த இணைவில் பிறந்தவை என்பதில் தமக்குத் தொண்ணூறு சதவீத நம்பிக்கை உண்டென்று ஜான் காக்கிராஃப்ட் கூறினார். சில மாதங்களுக்குள் அம்முடிவு கைவிடப்பட்டது. நியூட்ரான்களின் வேகம் திசைக்குத் திசை வேறுபட்டிருந்தது. உஷ்ணத்தால் பிறந்தவையாயின் அவ்வாறு வேறுபட நியாயமில்லை. சிதறிக் குலையும் பிளாஸ்மாவில் எழுந்த மின்புலங்கள் சில அயனிகளை மட்டும் முடுக்கிவிட்டதன் விளைவே அது. இத்தகைய போலி நியூட்ரான்கள் ருஷ்யப் பரிசோதனைகளிலும் தோன்றியதுண்டு என்பதை 1956-இல் அதே ஹார்வெலுக்கு வந்து சொற்பொழிவாற்றிய குர்ச்சாடவ் எடுத்துக் கூறியிருந்தார்.

சக்தித் தத்துவம்

ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே கட்டிப் பார்த்து ஏமாறுவதைக் காட்டிலும், காகிதத்திலேயே அதன் தலைவிதியை அறியும் பொது விதி ஒன்று வேண்டியதாயிற்று. பிளாஸ்மாவைக் குறைவற்ற மின்கடத்தியாகிய ஒரு பாய்மமெனக் கருதினால், விசைக்கோடுகள் அதனோடு உறைந்தவைபோல் உடன் நகரும் என்பது ஆல்ஃப்வேன் வகுத்த காந்தப் பாய்ம இயலின் அடிப்படை. அதன்மீது நின்று பெர்ன்ஸ்டைன், ஃப்ரீமன், குருஸ்கல், குல்ஸ்ரட் ஆகிய நால்வரும் 1958-இல் வெளியிட்ட சக்தித் தத்துவம் இத்துறையின் இலக்கணமாக இன்றும் விளங்குகிறது. பிளாஸ்மாவின் ஒவ்வொரு சிறு கூறும் இருந்த இடத்தினின்று சிறிது பெயர்ந்ததாகக் கற்பனை செய்து, அப்பெயர்ச்சியால் அமைப்பின் நிலைச்சக்தி கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட வேண்டும். எண்ணக்கூடிய எல்லாப் பெயர்ச்சிகளிலும் கூடுமாயின் அமைப்பு ஸ்திரமானது. ஏதேனும் ஒன்றில் குறையுமாயினும் ஸ்திரமற்றது. விசைக்கோடுகளை வளைப்பதற்கும், புலத்தை நெருக்குவதற்கும், பிளாஸ்மாவை அமுக்குவதற்கும் சக்தி செலவாகிறது. இம்மூன்றும் நமக்கு அனுகூலமானவை. விசைக்கோட்டின் வழியே ஓடும் மின்னோட்டமும், வளைந்த கோட்டின்மேல் சாய்ந்து நிற்கும் அழுத்த வேறுபாடும் சக்தியை விடுவிக்கவல்லவை. நாசம் விளைவிப்பவை இவ்விரண்டே. பின்வந்த பல்வகை ஸ்திரமின்மைகளும் பெரும்பாலும் இவ்வைந்து உறுப்புகளின் போட்டியில் பிறந்தவை.

அதே 1958-ஆம் ஆண்டில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிகாகோவில் பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், காஃப்மன், வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து பிஞ்ச் அமைப்பின் ஸ்திரநிலையை ஆராய்ந்து எழுதினார். நட்சத்திரங்களின் உட்பொருளை ஆராய வந்தவர், பாய்மங்களும் காந்தப் புலங்களும் எப்போது நிலைகுலைகின்றன என்னும் வினாவைத் தனித்த சாஸ்திரமாகவே வளர்த்து 1961-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. பிஞ்சின் நோய்க்கு மருந்துகளும் தேடப்பட்டன. தண்டுக்குள் நீளவாக்கில் ஒரு புலத்தை அடைத்து வைத்தால் மெலிவு தடைப்படும். தண்டைச் சுற்றி உலோகச் சுவரை நெருங்க அமைத்தால், அதிலெழும் எதிர்மின்னோட்டம் வளைவைத் தடுக்கும். இம்மருந்துகள் ஓரளவு பலித்தன. நோய் முற்றும் தீரவில்லை.

வளைவும் முறுக்கும்

பாரமான திரவம் இலேசான திரவத்தின்மேல் நின்றால் இரண்டும் இடம் மாறத் துடிக்கும் என்பது ராலே காலத்திலிருந்தே தெரிந்தது. வளைந்த விசைக்கோட்டின் வழியே ஓடும் துகள்கள் வளைவின் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், பிளாஸ்மாவுக்கு அதுவே ஒரு செயற்கையான ஈர்ப்பு விசையாகிறது. கோடுகளின் குழிந்த பக்கம் பிளாஸ்மாவை நோக்கியிருந்தால் பிளாஸ்மாவும் புலமும் இடம் மாறிக்கொள்ளும். புடைத்த பக்கம் நோக்கியிருந்தால் மாறா. 1954-இல் எட்வர்ட் டெல்லர் விடுத்த இவ்வெச்சரிக்கை, இரு முனைகளிலும் புலத்தை வலுப்படுத்தித் துகள்களைத் திருப்பி அனுப்பும் காந்தக் கண்ணாடிக் கருவிகளுக்குப் பெரிதும் பொருந்திற்று. அவற்றின் நடுப்பகுதியில் கோடுகள் வெளிப்புறம் புடைத்து, குழிந்த பக்கம் பிளாஸ்மாவை நோக்கியிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் இயாஃபே, அத்தகைய கருவியைச் சுற்றி எதிரெதிர்த் திசைகளில் மின்னோட்டம் செல்லும் ஆறு நேர்க் கம்பிகளை நிறுத்தி, எப்பக்கம் போனாலும் புலம் மிகுந்துகொண்டே போகுமாறு செய்தபோது, பிளாஸ்மாவின் ஆயுள் பன்மடங்கு நீண்டது. ஏட்டில் இருந்த தத்துவம் கருவியில் மெய்யானதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

ருஷ்ய விஞ்ஞானிகளான டாமும் சாகரவும் 1950-51-இல் கருக்கொண்ட டோகமாக் என்னும் வளையக் கருவி வேறு வழியில் சென்றது. வளையத்தைச் சுற்றி நெடுக ஓடும் வலிய புலமும், பிளாஸ்மாவின் மின்னோட்டம் எழுப்பும் குறுக்குப் புலமும் கூடி, விசைக்கோடுகளைத் திருகுபோல் முறுக்கிவிடுகின்றன. ஒரு கோடு வளையத்தைக் குறுக்குவாட்டில் ஒருமுறை சுற்றிவருவதற்குள் நெடுக எத்தனை முறை சுற்றுகிறதோ அவ்வெண்ணே பாதுகாப்பு எண் எனப்படும். அது ஒன்றாக இருக்குமாயின், கோட்டின் முறுக்குக்கு ஒத்த முறுக்குடைய சலனம், கோடுகளை வளைக்கும் செலவின்றியே பிளாஸ்மாவைப் பெயர்த்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்டால் அச்செலவைத் தவிர்க்க இயலாது. குருஸ்கலும் ஷாஃப்ரானவும் தனித்தனியே கண்ட இந்நிபந்தனை, இன்ன வலிமையுள்ள புலத்துக்கு இன்ன அளவுக்கு மேல் மின்னோட்டம் செலுத்தலாகாது என்று வரம்பு கட்டிற்று. நடைமுறையில் விளிம்பில் அவ்வெண் இரண்டுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்பதைக் கருவிகள் உணர்த்தின. 1968-இல் நோவசிபிர்ஸ்க் மகாநாட்டில், தம் டி-3 கருவியின் உஷ்ணம் ஒரு கோடி டிகிரியை நெருங்கியதாக ருஷ்யாவின் ஆர்த்சிமோவிச் அறிவித்தபோது மேல்நாட்டார் ஐயுற்றனர். மறு ஆண்டு பிரிட்டனின் கல்ஹம் ஆய்வகத்தார் தம் லேசர்க் கருவியை மாஸ்கோவுக்கே கொண்டுசென்று, எலெக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியை அளந்து, அறிவித்தது உண்மையே என்று உறுதி கூறினர். அதன்பின் உலகமே டோகமாக்கின் பக்கம் திரும்பிற்று.

தீவுகளும் ரம்பப் பற்களும்

குறைவற்ற மின்கடத்தி என்பது ஓர் இலட்சியம். மெய்யான பிளாஸ்மாவில் மின்தடை மிகச் சிறிதெனினும் இருந்தே தீரும். 1963-இல் ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் ஆகியோர், அந்த அற்பத் தடையே விசைக்கோடுகள் அறுபட்டு வேறுவிதமாக ஒட்டிக்கொள்ள வழிவிடும் என்று காட்டினர். பாதுகாப்பு எண் இரண்டு, மூன்றின்கீழ் இரண்டு போன்ற பின்னங்களாக அமையும் பரப்புகளில் இவ்வாறு கிழிபட்ட கோடுகள் காந்தத் தீவுகளாகச் சுருண்டுகொள்கின்றன. தீவின் அகலம் முழுவதிலும் உஷ்ணம் தடையின்றி ஓடுவதால், அந்த அளவுக்குப் பாத்திரம் ஓட்டையாகிறது. இச்சலனம் வளர்வது மைக்ரோவினாடிகளில் அன்று, மில்லிவினாடிகளில். அன்றியும், ஒரு சிறு அளவைத் தாண்டியபின் தீவு மடங்கு மடங்காகப் பெருகாமல் காலத்தின் வீதத்திலேயே மெல்ல வளர்கிறதென்று ரதர்ஃபோர்ட் 1973-இல் நிறுவினார். சிறு சலனத்தின் கணிதம் எச்சரித்ததைக் காட்டிலும் மெய்ந்நிலை சாந்தமானது என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று மறு ஆண்டே கிடைத்தது. பிரின்ஸ்டனில் ஒரு டோகமாக்கின் நடுப்பகுதியிலிருந்து வரும் மென்மையான எக்ஸ் கதிர்களை அளந்தவர்கள், அளவுப் பதிவின் வரைகோடு ரம்பத்தின் பற்கள்போல் அமைந்திருப்பதைக் கண்டனர்: மைய உஷ்ணம் மெதுவாக ஏறுகிறது, திடீரென்று சரிகிறது, மீண்டும் ஏறுகிறது. மையத்தில் மின்னோட்டம் செறிந்து பாதுகாப்பு எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் உட்கரு முறுக்கிக்கொண்டு வெளியே கலந்து, எண் மறுபடியும் ஒன்றை எட்டுகிறது என்று காதொம்ட்ஸெவ் விளக்கினார். பழைய கணக்கின்படி இது ஸ்திரமின்மையே. ஆயினும் பிளாஸ்மா அழியவில்லை. மையத்தில் சேரும் ஹீலியச் சாம்பலையும் மாசுகளையும் அவ்வப்போது வெளியேற்றும் உபகாரத்தையும் அது செய்கிறது. மிகப் பெரிய பற்கள் மட்டுமே வெளிப்புறத்தில் தீவுகளுக்கு வித்திட்டுத் தீமை செய்கின்றன.

அழுத்தத்தின் எல்லை

காந்த அழுத்தத்தில் எத்தனை சதவீதத்தைப் பிளாஸ்மாவின் அழுத்தமாகப் பயன்படுத்தலாம் என்பது பொருளாதாரக் கேள்வியுமாகும். ஏனெனில் காந்தங்களே உலையின் பெருஞ்செலவு, இணைவின் ஆற்றலோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. வளையத்தின் வெளிப்புறத்தில் வளைவு பாதகமாகவும் உட்புறத்தில் சாதகமாகவும் இருப்பதால், அழுத்தம் மிகும்போது வெளிப்புறத்தில் மட்டும் பிளாஸ்மா புடைத்துக்கொண்டு கிளம்புகிறது. கானர், ஹேஸ்டி, டெய்லர் மூவரும் 1978-இல் இப்புடைப்புச் சலனத்துக்குரிய கணிதத்தைச் சீராக்கினர். 1984-இல் லோசானைச் சேர்ந்த ட்ராயோன், எண்ணற்ற கணக்கீடுகளைத் தொகுத்து, வியக்கத்தக்க எளிய விதியொன்றைக் கண்டார்: மெகா ஆம்பியரில் மின்னோட்டத்தை, மீட்டரில் பிளாஸ்மாவின் ஆரத்தாலும் டெஸ்லாவில் புலத்தாலும் வகுத்து, 2.8-ஆல் பெருக்கினால் கிடைக்கும் சதவீதமே உச்ச வரம்பு. தென் பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் கருவிக்கு 15 மெகா ஆம்பியர், 2 மீட்டர், 5.3 டெஸ்லா என்ற திட்ட அளவுகளை இட்டால் ஏறக்குறைய 4 சதவீதம் வருகிறது. அதன் முதன்மைத் திட்டமோ 2.5 சதவீதத்தோடு நின்றுகொள்கிறது.

மின்னோட்டத்தை மிகுதியாக ஏற்கும்பொருட்டு இன்றைய டோகமாக்குகளில் பிளாஸ்மாவை மேலும் கீழுமாக நீட்டி அமைக்கிறார்கள். நீண்ட பிளாஸ்மா செங்குத்தாக மேலேயோ கீழேயோ நழுவும் இயல்புடையது. சுவரின்றி விட்டால் அது மைக்ரோவினாடிகளில் நழுவிவிடும். உலோகச் சுவரில் எழும் மின்னோட்டங்கள் அந்நழுவலை நிறுத்துவதில்லை; பன்மடங்கு தாமதப்படுத்துகின்றன. அத்தாமதத்துக்குள் அளவுகருவிகள் நழுவலைக் கண்டறிந்து, காந்தச் சுருள்களின் மின்னோட்டத்தை மாற்றி, பிளாஸ்மாவை மீண்டும் நடுவுக்குக் கொணர்ந்துவிடுகின்றன. இங்கே பிளாஸ்மா ஸ்திரமானதன்று. ஆனால் அதனை ஸ்திரமாக வைத்திருக்கக் காலம் கிடைத்துவிட்டது.

நுண்ணலைகள்

இதுவரை சொன்னவை பிளாஸ்மாவை ஒரே பாய்மமாகக் கொண்டு காண்பவை. தனித்தனித் துகள்களின் வேகப் பங்கீட்டையும் நோக்கினால் நுட்பமான வேறொரு குடும்பம் தென்படுகிறது. அலையோடு ஒத்த வேகத்தில் ஓடும் துகள்கள் அலையின் சக்தியை உறிஞ்சி அதனை அடக்கிவிடும் என்று 1946-இல் லாண்டாவ் கண்டார். அதே துகள்கள் வேறு நிலைமைகளில் அலைக்குச் சக்தியை வழங்கவும் கூடும். அடர்த்தியோ உஷ்ணமோ இடத்துக்கிடம் வேறுபடும்போது எழும் இத்தகைய அலைகளை எந்தக் கருவியும் முற்றிலும் தவிர்க்க இயலாது. அடைபட்ட பிளாஸ்மா என்றாலே நடுவில் சூடும் விளிம்பில் குளிர்ச்சியும் இருந்துதானே தீரும்! அயனிகளின் உஷ்ணச் சரிவால் பிறக்கும் வகையை ரூடகவும் சக்தேயெவும் 1961-இல் ஆராய்ந்தனர். இவ்வலைகள் பிளாஸ்மாவைக் குலைப்பதில்லை. சிறுசிறு சுழிகளாகக் கலங்கி, உஷ்ணத்தைக் கசியவிடுகின்றன. ஆகவே இங்கே கேட்க வேண்டியது, வளருமா என்பதன்று, வளர்ந்து எந்த மட்டத்தில் நிற்கும் என்பதே.

1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னர் கண்ட உயர் அடைப்பு நிலை இதற்கு நல்ல உதாரணம். சூடேற்றும் ஆற்றல் ஒரு வரம்பைத் தாண்டியதும், விளிம்பில் வெவ்வேறு வேகத்தில் வழுக்கும் பிளாஸ்மா அடுக்குகள் அச்சுழிகளைக் கிழித்துவிட, கசிவு சட்டென்று குறைந்தது. ஆனால் அதனால் விளிம்பில் செங்குத்தாக எழுந்த அழுத்தச் சரிவு, முன் சொன்ன புடைப்புச் சலனத்துக்கு இடந்தந்து, உஷ்ணத்தைச் சுவர்மீது விட்டுவிட்டு வாரியிறைக்கிறது. இவ்வெடிப்புகளைத் தணிக்க இப்போது கையாளப்படும் உபாயங்களுள் ஒன்று, வெளிச் சுருள்களால் காந்தப் புலத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு சலனத்தை ஏற்படுத்துவது. எதனை ஒழிக்கப் புறப்பட்டார்களோ அதனையே மருந்தாக்கியிருக்கிறார்கள்.

உலை முன் நிற்கும் கேள்வி

எஞ்சியுள்ள பெரும் பயம் ஒன்றே: தீவுகள் ஒன்றோடொன்று மோதிக் கலந்து, பிளாஸ்மா முழுவதும் ஒருங்கே குலையும் முறிவு. ஐட்டரில் தேங்கியிருக்கும் சுமார் 350 மெகாஜூல் உஷ்ண சக்தி அப்போது சில மில்லிவினாடிகளில் சுவரில் கொட்டும். பின்னர் மின்னோட்டம் அறும்போது எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்பட்டுச் சுவரைத் துளைக்கவும் கூடும். தீவுகளில் மைக்ரோவேவ் கற்றையைக் குறிபார்த்துச் செலுத்தி இழந்த மின்னோட்டத்தை நிரப்புதல், முறிவு நெருங்குமாயின் உறைந்த வாயுத் துணுக்குகளை எறிந்து சக்தியை ஒளியாகச் சிதறடித்தல் முதலிய முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. குஜராத்தில் 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக்கில், விளிம்பில் வைத்த மின்வாய்க்கு மின்னழுத்தம் கொடுத்து முறிவைத் தவிர்க்கும் முயற்சி செய்யப்பட்டிருக்கிறது. பிளாஸ்மாவில் பெரிய மின்னோட்டமே வேண்டாதபடி சுருள்களைக் கோணலாக வளைத்துப் புலத்தை முறுக்கும் ஸ்டெல்லரேட்டர் வழியை, 2015 முதல் கிரைஃப்ஸ்வால்டில் இயங்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஆராய்ந்துவருகிறது; மின்னோட்டம் இல்லாத இடத்தில் அது அறும் அபாயமும் இல்லை என்பது அதன் வாதம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், சிறு சலனங்களின் கணிதம் நமக்குத் தந்தது எல்லைக்கோடுகளே என்பது விளங்கும். எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதை அது சொல்வதில்லை: ரம்பப் பற்களும் முறிவும் அக்கணிதத்தின் பார்வையில் ஒரே இனத்தவை, உலையின் பார்வையில் முன்னது பொறுக்கத்தக்கது, பின்னது பொறுக்கவொண்ணாதது. ஆகவே இன்றைய திட்டக்காரர் ஸ்திரமின்மைகளை ஒழிக்க முயல்வதில்லை. விரைவையும் விளைவையும் கொண்டு அவற்றைத் தரம் பிரித்து, மைக்ரோவினாடியில் அழிப்பவற்றை அமைப்பாலும், மெதுவாக வளர்பவற்றைக் கட்டுப்பாட்டுக் கருவிகளாலும், கசியவிடுபவற்றைக் கருவியின் பருமனாலும் சமாளிக்கிறார். தன் இணைவில் பிறந்த ஹீலியக் கருக்களாலேயே தன்னைப் பெரும்பாலும் சூடேற்றிக்கொள்ளும் பிளாஸ்மா காந்தக் கருவி எதிலும் இன்னும் நீடித்து எரிந்ததில்லை. ஆயினும் 3.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுடன் ஓடும் அக்கருக்கள், விசைக்கோடுகளின் வழியே பரவும் ஆல்ஃப்வேன் அலைகளைத் தூண்டிவிடும் என்பது தெரியும். அவ்வலைகள் எந்த மட்டத்தில் அடங்கும், எத்தனை கருக்களைத் தம்மோடு வெளியே இழுத்துச் செல்லும் என்பதை ஐட்டர் போன்ற கருவி எரிந்து காட்டினாலன்றி நிச்சயிக்க முடியாது.